செல்லத்தாய் கலக்கிய காப்பி

பூதப்பாண்டி
கொல்லம் 1130, தை 12

அய்யா உண்டு.

மக்கா ரத்தினத்துக்கு அத்தை சொர்ணம்மாள் எழுதுகது. இஞ்ச நானும் உனக்க தம்பி மணியும் தொழுவத்தில நிக்கிற பசுவும் சொகம். மணிக்க பெண்டாட்டி செல்லத்தாயும் சொகந்தான், அவளுக்கு என்ன கொறை. உனக்கு காலில நீரு வச்சிருக்கா? வயித்துப் பிள்ளைக்காரி குத்தவச்சுத் துணி அலக்காத. உனக்க மாப்பிள்ளை ஆபீசிலதானே இருக்காரு, ஒரு ஆளு வச்சுத் தரச் சொல்லு.

எழுத வந்த காரியம் வேற. கதவைச் சாத்திக்கிட்டு வாசி.

மணி வாத்தியாரு பயிற்சிண்ணு திருவந்தரத்துக்கு வந்து உனக்கிட்ட ரெண்டு மாசம் இருந்துட்டு கார்த்திகையில திரும்பினானே, அண்ணையில இருந்து பாக்கேன். போறதுக்கு முன்ன என்ன சுறுசுறுப்பு! ராவெல்லாம் முழிச்சு எழுதினான், பகலெல்லாம் தோட்டத்தில வாழை நட்டான். இப்ப ஊற வச்ச உளுந்து கணக்கா இருக்கான். ஒரு கேள்வி கேட்டா பதிலு வாறதுக்குள்ள அடுப்பில சோறு வெந்திரும்.

ஏன் இப்பிடிண்ணு மண்டையை ஒடைச்சேன். முந்தாநாளு கண்டுபிடிச்சேன். வெளக்கு வைக்கிற நேரம் செல்லத்தாய் அரிசிப் பானைக்குள்ள கையை விட்டு ஒரு பொட்டணம் எடுத்தா. அவனுக்க கருப்பட்டிக் காப்பியில ஒரு நுள்ளு போட்டுக் கலக்கினா. "ஏட்டி, என்னது அது?"ண்ணேன். "சுக்கு அத்தே"ண்ணா. சுக்கை எதுக்கு அரிசிக்குள்ள ஒளிக்கணும்? எனக்க மூக்கு என்ன செத்தா போச்சு?

மக்கா, இது கைவிஷம். புருசன் கைக்குள்ள அடங்கிக் கெடக்கணும்ணு சோத்திலயும் காப்பியிலயும் கலந்து குடுக்கிற சாதனம். அய்யா வழியில உள்ளவ இதையெல்லாம் நம்பலாமாண்ணு நீ கேப்பே. பேயையும் பில்லியையும் அய்யா எரிச்சாச்சு, அதை நான் நம்பமாட்டேன். ஆனா கைவிஷம் பேயா? அது மருந்து. நான் கண்ணால கண்ட பொடி.

ஒருத்தர்கிட்டயும் வாய் தொறக்கல்ல. அடுத்த வீட்டு நேசம்மாள்கிட்ட மட்டும் சொன்னேன். பெறவு குளத்தங்கரையில ரெண்டு பேரு கேட்டாவ, அவங்களுக்குச் சொன்னேன். அவ்வளவுதான்.

உனக்கிட்ட இருக்கும்போ அவன் எப்பிடி இருந்தான்? மறைக்காம எழுது.

அய்யா துணை.
அத்தை சொர்ணம்மாள்


திருவனந்தபுரம்
4-2-1955

அன்புள்ள அத்தைக்கு ரத்தினம் வணக்கம். கடிதம் கிடைத்தது. இங்கே அவர்களும் நானும் நலம். காலில் வீக்கம் கொஞ்சம் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தடவுகிறீர்களா?

மணி இங்கே நன்றாகத்தான் இருந்தான். பயிற்சி கடினமாக இருந்ததால் களைத்திருப்பான். செல்லத்தாய் நல்ல பெண். அவள் தருகிறதை அவன் குடிக்கட்டும். வெளியே இதைப் பேச வேண்டாம் அத்தை, ஊர் ஒன்றைப் பத்தாக்கும்.

தங்கள் அன்புள்ள
ரத்தினம்


பூதப்பாண்டி
மாசி 3

அய்யா உண்டு.

மக்கா ரத்தினத்துக்கு. முட்டுவலி எனக்குக் கூடப்பெறந்தது, அதை விடு. வீக்கம் எறங்க முருங்கைக்கீரைச் சாறு குடி.

உனக்க கடுதாசியைத் திருப்பித் திருப்பி வாசிச்சேன். என்ன பொடிண்ணு நீ ஒரு வார்த்தை கேக்கல்லியே? தம்பிக்கு ஒருத்தி என்னத்தையோ கலந்து குடுக்காண்ணு எழுதினா, கூடப்பெறந்தவ என்ன பொடி, என்ன நெறம், என்ன மணம்ணு கேக்கமாட்டாளா? நீ கேக்கல்ல. அப்ப உனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. தபால்காரன் செல்லத்தாய்க்கு ஒரு கவரு கொண்டு தந்தான். மேல உனக்க கையெழுத்து. எனக்கு வெறும் கார்டு, அவளுக்குக் கவரா? வாங்கினவ தொழுவத்துக்குப் பின்னால போய் வாசிச்சா. எட்டிப் பாத்தேன், மடியில சொருகினா. நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்க பிள்ளையை என்ன செய்யுகியோ?

சோதிச்சும் பாத்தாச்சு. பொட்டணத்தில ஒரு கை அள்ளி பசுவுக்குக் கழனித்தண்ணியில கலக்கி வச்சேன். குடிச்ச பசு படுத்தது படுத்ததுதான். கறக்க எழுப்பினா, கெழவி பேரனைப் பாக்கிற கணக்கா என்னைப் பாத்துட்டு மறுபடியும் கண்ணை மூடிச்சு. மாட்டையே இந்தப் பாடு படுத்துகுண்ணா மனுசனுக்கு?

அதுக்கு ஒரு வழி பண்ணியாச்சு. என்ன வழிண்ணு கேக்காத.

அய்யா துணை.
சொர்ணம்மாள்


திருவனந்தபுரம்
21-2-1955

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

என்ன வழி செய்தீர்கள்? இந்தக் கடிதம் கண்டவுடன் எழுதுங்கள். மணி இரவில் தூங்குகிறானா? விடியும் முன்பே எழுந்துவிடுகிறானா? பேச்சு கூடியிருக்கிறதா? செல்லத்தாய்க்கு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. அவளை எழுதச் சொல்லுங்கள்.

ரத்தினம்


பூதப்பாண்டி
மாசி 23

அய்யா உண்டு. அய்யா உண்டு. அய்யா உண்டு.

மக்கா, சந்தோசம் தாங்கல்ல. மாசி இருபதுக்கு, அய்யா அவதரிச்ச நாளைக்கு, நாகரோயிலில இருந்து சாமித்தோப்புக்குப் போன ஊர்வலத்தில மணிதான் முன்னால. தலைப்பா கட்டி நாமம் போட்டு அவன் நடந்த நடைக்கு மத்தவங்க ஓட வேண்டியிருந்துது. தொண்டை ஒடைஞ்சும் பாட்டை விடல்ல.

உறங்குகானாண்ணு கேட்டியே, தெளிவு வந்தவனுக்கு உறக்கம் எதுக்கு? கண்ணு ரெண்டும் எரியுகு. ஊருக்கு ஹைஸ்கூலு கட்டணும்ணு குளத்துக்கரையைக் கயிறு பிடிச்சு அளந்தாச்சு. மந்திரிக்கு எழுதியாச்சு. எனக்கு ஒரு சேலை, நேசம்மாளுக்கு ஒரு சேலை, தபால்காரனுக்க பெண்டாட்டிக்கும் ஒரு சேலை. நேசம்மாள் கேக்கா, "மணி சாரு எலெக்சனுக்கு நிக்காரா?"ண்ணு.

எல்லாம் நான் பண்ணின வழி. இப்ப சொல்லலாம். பொட்டணத்துப் பொடியை முழுக்கக் கழனித்தொட்டியில கொட்டிட்டு, நாம கும்பிடுகிற நிழல்தாங்கலு மண்ணை அரிச்சு பொட்டணத்துக்குள்ள வச்சேன். கைவிஷம் எடுக்க மந்திரவாதிக்கிட்ட போனா அய்யாவுக்குப் பொறுக்காது. அய்யாவுக்க மண்ணே மருந்து. கருப்பட்டியில எப்பவும் மண்ணு கெடக்கும், யாரு கண்டா? செல்லத்தாயே அவளுக்க கையால கலக்கிக் குடுத்தா!

அவளைப் பத்தியும் சொல்லணும். மணிகிட்ட விசயத்தைச் சொன்னேன். "எனக்க மூளையைக் கட்டிப் போடப் பாத்தியாட்டி?"ண்ணு பாத்திரத்தை எடுத்து எறிஞ்சான். அவ எனக்க காலைப் பிடிச்சா. "பொடியை எங்க வச்சியோ, தந்திருங்கோ அத்தே!" பாரு மக்கா, அப்பவும் பொடியைத்தான் கேக்கா. "அது என்ன பொடி, இப்பச் சொல்லு"ண்ணேன். வாசலில நேசம்மாளும் நாலஞ்சு பெண்ணுங்களும் நிண்ணாவ. அவங்களைப் பாத்தா, மணியைப் பாத்தா, வாயை மூடிக்கிட்டா. தப்புப் பண்ணாதவ எதுக்கு வாயை மூடணும்?

மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏத்தி விட்டாச்சு. அம்மை வீட்டில இருக்கட்டு.

அய்யா துணை.
உனக்க அத்தை


திருவனந்தபுரம்
11-3-1955

அன்புள்ள அத்தைக்கு.

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, மன்னியுங்கள். இதை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

மணி பயிற்சிக்கு வரவில்லை. அந்த இரண்டு மாதமும் இங்கே மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தான். என் வீட்டுக்காரர்தான் சேர்த்தார்கள். நானும் செல்லத்தாயும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். அவள் அம்மா வீட்டில் இருந்ததாக உங்களிடம் சொன்ன நாட்களில் எல்லாம் இங்கேதான் இருந்தாள்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இது ஒரு நோய், அதற்கு இரண்டு முகம். சில காலம் மனம் ஏறும். உறக்கம் வேண்டாம், பேச்சு அடங்காது, கையில் உள்ளதை வாரிக் கொடுக்கும், தன்னால் ஆகாதது உலகத்தில் இல்லை என்று தோன்றும். பிறகு இறங்கும். எழுந்திருக்க முடியாது, சோறு இறங்காது, உயிரே சுமையாகத் தெரியும். இடையில் மற்றவர்களைப் போலவே இருப்பான். அடியோடு போகாதாம், ஆனால் கவனித்தால் அடக்கி வைக்கலாம். அவன் செய்த பாவமும் இல்லை, பிறர் வைத்த விஷமும் இல்லை.

அந்தப் பொடி சர்ப்பகந்தி வேர். ஏறும் மனத்தை இறக்க டாக்டர் தந்தது. அவன் மந்தமாக இருந்ததற்கு நோய் பாதி, மருந்து பாதி. அளவைக் குறைக்கும்படி கவரில் எழுதியிருந்தேன். அதைத்தான் அவள் தொழுவத்துக்குப் பின்னால் வாசித்தாள். வீட்டுக்கு வந்ததும் "எனக்கு நோயில்லை" என்று அவன் துப்பிவிட்டதால் காப்பியில் கலக்கச் சொன்னது நான்.

ஏன் மறைத்தோம்? பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் வேலை போகும். இன்னொரு காரணமும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது. உங்களிடம் சொன்னால் குளத்தங்கரைக்குப் போய்விடும் என்று பயந்தோம். வாசலில் கூட்டத்தைப் பார்த்துச் செல்லத்தாய் வாயை மூடியது அதற்காகத்தான்.

நீங்கள் பார்ப்பது தெளிவு இல்லை அத்தை. இது ஏற்றம். எனக்கு நிறைமாதம், வர முடியாது. செல்லத்தாயைக் கூப்பிடுங்கள்.

டாக்டர் ஒன்று கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று. அப்பா பழையாற்றுப் படியில் வழுக்கி விழுந்து இறந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அத்தை, அப்பா எப்படி இருப்பார்?

ரத்தினம்


பூதப்பாண்டி
பங்குனி 29

அய்யா உண்டு.

மக்கா, உனக்குப் பேறு ஆச்சா? ஒரு தகவலும் இல்லியே.

உனக்க கடுதாசியை வாசிச்சு அடுப்பில போட்டேன். எனக்க அண்ணன் மவனுக்கு மனநோய் ஆசுபத்திரியா? ஏறும், எறங்கும்ணு சொல்ல மனசு என்ன பனைமரமா? செல்லத்தாய்தான் உனக்கும் என்னத்தையோ கலக்கித் தந்திருக்காண்ணு நெனச்சேன். டாக்டருக்கும் சேத்துத் தந்திருப்பாண்ணு நெனச்சேன். அதான் பதிலு போடல்ல.

இப்ப எழுதுகது உனக்கு மட்டும். நேசம்மாளுக்குத் தெரியாது.

மணி பள்ளிக்கூடத்தில நடுப்பகலில பெல்லை அடிச்சு, "இண்ணையோட பரீச்சை ஒழிஞ்சுது, போங்கோ"ண்ணு பிள்ளைகளை அவுத்து விட்டான். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஹெட்மாஸ்டரு நல்ல மனுசன், "ஒடம்புக்கு சொகமில்லண்ணு லீவு எழுதித் தாங்கோ அம்மா"ண்ணு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு.

நேத்து தாங்கலில பணிவிடை நேரம். எல்லாரும் கும்பிட்டு நிக்கோம். இவன் நேரே போய், சிலைக்குப் பதிலா வச்சிருக்க கண்ணாடிக்கு முன்னால உக்காந்தான். "இனி எனக்குப் பணிவிடை செய்யுங்கோ. நான் வந்தாச்சு." அந்தக் கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு? உனக்குள்ளயும் அய்யா உண்டுண்ணு காட்டத்தானே. அப்ப அவன் சொன்னதில என்ன தப்புண்ணு எனக்கு ஒரு மனசு. ஆனா கண்ணாடியில அவனுக்க முகம் தெரிஞ்சுது மக்கா. அந்தக் கண்ணு நம்ம மணிக்க கண்ணு இல்ல. அப்பிடி ஒரு கண்ணை முன்ன ஒரு தடவை பாத்திருக்கேன். அதை விடு.

அப்பாவைப் பத்திக் கேட்டிருந்தியே. செத்தவங்களை எதுக்கு இப்ப இழுக்கணும்.

ராத்திரி மணி உறங்கல்ல. அதுக்கு முந்தின ராத்திரியும் உறங்கல்ல. நீ கேட்ட பெறவுதான் கவனிக்கேன்.

சொர்ணம்மாள்


திருவனந்தபுரம்
20-4-1955

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நானும் குழந்தையும் நலம். படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அவன் ஏற்றத்தில் இருக்கும்போது எதிர்த்து வாதாட வேண்டாம். வருகிறவர் போகிறவரைக் குறையுங்கள். இது தானாகவே ஒருநாள் இறங்கும், அதுதான் எனக்குப் பெரிய பயம். அப்போது அவனைத் தண்ணீர்ப் பக்கம் தனியாக விடாதீர்கள். பொடி கிடைத்தாலும் அப்போது கொடுக்கக் கூடாது, இன்னும் கீழே இழுத்துவிடும் என்கிறார் டாக்டர். எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற கணக்குச் செல்லத்தாய்க்குத்தான் தெரியும்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வருகிறது.

ரத்தினம்


பூதப்பாண்டி
வைகாசி 12

அய்யா உண்டு.

மக்கா, பிள்ளைக்கு அய்யாவுக்க நாமம் தொட்டு வச்சியா? பாலு இருக்கா? வெந்தயக் கஞ்சி குடி.

நீ சொன்னது கணக்கா எறங்கியாச்சு. ஹைஸ்கூலு கட்டினவன் இப்ப வேட்டி மாத்தமாட்டேங்கான். சுவரைப் பாத்துப் படுத்தவன் திரும்பல்ல. "மணி, ஒரு வாய் கஞ்சி"ண்ணா, "எதுக்கு அத்தே"ங்கான். கஞ்சி ஆறி ஏடு கட்டுகு.

முந்தின வியாழக்கிழமை காலம்பற பாத்தா பாயில ஆளில்ல. நான் வேற எங்கயும் தேடல்ல. நேரே பழையாத்துக்குப் போனேன். படியில நிண்ணான். கூப்பிடல்ல. கூப்பிட்டா என்ன ஆகும்ணு எனக்குத் தெரியும். சத்தமில்லாம எறங்கி, அவனுக்க வேட்டித் தலப்பைப் பிடிச்சுக்கிட்டு கூட நிண்ணேன். வெயிலு ஏறின பெறவு "வீட்டுக்குப் போலாமா மக்கா"ண்ணேன். வந்தான்.

நேசம்மாளுக்க மாப்பிள்ளை ஞானதாசனை அவனுக்குப் பக்கத்தில உக்கார வச்சேன். என்ன சீக்குண்ணு நேசம்மாள் கேட்டா. வயித்துவலிண்ணு சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா, நான் இவ்வளவு சின்னதா பதிலு சொல்லி அவ கேட்டதில்ல. பெறவு மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.

செல்லத்தாய் முற்றத்தில மரச்சீனிக் கிழங்கு சீவிக் காயப்போட்டுக்கிட்டு இருந்தா. என்னைக் கண்டதும் எழும்பினா.

"இரிங்கோ அத்தே. அவருக்கு என்ன?"

"எறங்கியாச்சு"ண்ணேன். அந்த ஒரு வார்த்தையில அவளுக்கு எல்லாம் மனசிலாச்சு. கத்தியைக் கீழ வச்சா.

"பொடி எங்க?"

"பசு தின்னாச்சு."

"முழுக்கவா?"

"முழுக்க."

"பசு உசிரோட உண்டா?"

"உண்டு. வீட்டில நல்லா உறங்கினது அது ஒண்ணுதான்."

அவ சிரிச்சா. வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சவ அப்பிடியே அழுதா. அவளுக்க அம்மை வந்து எட்டிப் பாத்து, "இவுங்க எதுக்கு வந்திருக்காவ, மிச்சமிருக்க மானத்தையும் வாங்கவா?"ண்ணு கேட்டா. கேக்கட்டு. கேக்க வேண்டியதுதான்.

செல்லத்தாய் மூக்கைத் துடைச்சுக்கிட்டு சொன்னா: "நான் வாறேன். ஆனா இனி ஒளிச்சுக் கலக்கமாட்டேன். ஒளிச்சதுனாலதான் உங்களுக்கு விஷமாத் தெரிஞ்சுது, அவருக்கும் விஷமாத் தெரிஞ்சுது. அவருக்க சீக்கு அவருக்குத் தெரியணும். தின்னா அவரே எடுத்துத் திங்கட்டு. வேண்டாம்ணா எனக்க முகத்தைப் பாத்துச் சொல்லட்டு."

"என்னை நெனச்சு ஒனக்குக் கோவம் இல்லியாட்டி?"

"உண்டு"ண்ணா. "அதைப் பெறவு பாத்துக்கிடுகேன். சந்தேகப்படாம உங்களால இருக்க முடியாது அத்தே. இனிமேலு அவருக்க உறக்கத்தைச் சந்தேகப்படுங்கோ. அது ரெண்டு பேருக்கும் உபகாரம்."

பஸ்ஸில வரும்போ, டாக்டரு கேட்ட கேள்விக்கு உள்ள பதிலை அவ செவியில சொன்னேன். கடுதாசியில எழுத எனக்குக் கை வராது. நீ டாக்டருகிட்ட ஆமாண்ணு மட்டும் சொல்லு. இத்தனை வருசமா அந்தப் படியிலதான் குளிக்கேன். அதில வழுக்கல் கெடையாது மக்கா.

நாளைக்கு செல்லத்தாயும் ஞானதாசனும் அவனைக் கூட்டிக்கிட்டு திருவந்தரத்துக்குப் பொறப்படுகாவ.

அத்தை


திருவனந்தபுரம்
3-7-1955

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். குழந்தை இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாள். உங்கள் முட்டுவலி எப்படி? தனியாக இருக்கிறீர்களே, நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

செல்லத்தாயும் ஞானதாசனும் மணியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததை முன்பே கார்டில் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தியம் கொடுத்தார்கள். முதலில் பயமாக இருந்தது. இப்போது சாப்பிடுகிறான், குளிக்கிறான், நேற்று குழந்தையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சில விஷயங்கள் அவனுக்கு மறந்திருக்கின்றன, வரும் என்கிறார்கள்.

டாக்டரிடம் ஆமாம் என்றேன். அவர் திடுக்கிடவில்லை, எழுதிக்கொண்டார். குழந்தைக்கு வந்தே தீரும் என்று இல்லை, வராது என்று சொல்லவும் முடியாது, தெரிந்திருப்பது நல்லது என்றார். அப்பாவை நினைத்து ஒருநாள் முழுக்க அழுதேன். இத்தனை காலம் அவரை நினைத்து அழ எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் இருந்தது.

மணியிடம் நோயைப் பற்றிச் செல்லத்தாயே சொன்னாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பிறகு, பொடிக்குப் பதிலாக இப்போது தருகிற மாத்திரைக்குக் கையை நீட்டினான். நேற்று என்னிடம், "ஊருக்குப் போனா அத்தை என்னைக் கண்டு பயப்படுவாங்களா அக்கா?" என்று கேட்டான். கேட்டதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

ரத்தினம்


பூதப்பாண்டி
கொல்லம் 1131, ஆவணி 18

அய்யா உண்டு.

மக்கா ரத்தினத்துக்கும் குட்டிக்கும் அத்தைக்க ஆசீர்வாதம். குட்டி கமந்து விழுகாளா? சளி பிடிக்காம பாத்துக்க.

மணி வந்து பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கியாச்சு. மாத்திரையை செல்லத்தாய் தட்டில வச்சிருவா, அவனே எடுத்துத் தின்னுகான். ஒருநாள் "இண்ணைக்கு வேண்டாம்"ண்ணான். அவ தட்டை எடுக்கல்ல, பேசவும் இல்ல, முன்னாலயே உக்காந்திருந்தா. கொஞ்ச நேரத்தில எடுத்துத் தின்னான். நானாயிருந்தா அந்த நேரத்துக்குள்ள ஊரைக் கூட்டியிருப்பேன். வெளக்கு வச்சதும் சாப்பாடு, அது முடிஞ்சதும் உறக்கம். ராக்கண்ணு முழிக்கிற திருவிழாவுக்கு அவன் போறதில்ல. ஆவணித் திருநாளுக்கும் பகலில போய்க் கும்பிட்டுட்டு வந்தான்.

செல்லத்தாய்மேல இப்ப எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சந்தேகம் முழுக்க மணிமேல. சந்தையில சொன்னதுக்கு மேல ஒரு வாழைக்குலை வாங்கினா எனக்கு அண்ணைக்கு உறக்கம் போச்சு. குளிக்கும்போ பாடினான், ஓடிப்போய் செல்லத்தாய்கிட்ட சொன்னேன். "ராத்திரி உறங்கினாரா?"ண்ணு கேட்டா. உறங்கினாண்ணேன். "அப்ப பாடட்டு அத்தே"ங்கா. பேசாம இருந்தா எறங்குகானோண்ணு பயம், பேசினா ஏறுகானோண்ணு பயம். அவன்தான் என்னைக் கண்டு பயப்படணும் போல இருக்கு.

நேத்து சாயங்காலம் நேசம்மாள் அவளுக்க கோழியைப் பிடிக்க நம்ம முற்றத்துக்கு ஓடி வந்தா. சேத்தில சறுக்கி உக்காந்தா. கோழி பறந்து அவ தலையிலயே ஏறி நிண்ணுகிட்டு, எறங்கமாட்டேங்குகு. மணி சிரிச்சான் பாரு. தூணைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணில தண்ணி வர, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான்.

நானும் செல்லத்தாயும் கோழியைப் பாக்கல்ல. ரெண்டு பேரும் அவனுக்க முகத்தைப் பாத்துக்கிட்டு நிண்ணோம். அவன் அதைக் கண்டுட்டான். சிரிப்பு அப்பிடியே நிண்ணு போச்சு.

"அத்தே, இதுக்கும் பாக்கணுமா? தலையில கோழி ஏறினா யாரும் சிரிப்பாவ."

அவனுக்க முகம் வாடினதைப் பாக்க முடியல்ல மக்கா. அது அந்தச் சிரிப்பா, சும்மா சிரிப்பாண்ணு எனக்கு இப்பவும் தெரியல்ல. "ஏட்டி செல்லத்தாயி, கோழியைப் பாருட்டி, கிரீடம் வச்ச கணக்கா இருக்கு"ண்ணு நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. பெறவு அவனும் சிரிச்சான். நேசம்மாள் எங்க மூணு பேரையும் வாயில வந்ததெல்லாம் பேசிட்டு கோழியோட போனா.

ஆனாலும் எனக்கு ஆறல்ல. சாப்பாடு ஆகி வெளக்கைத் தணிச்ச பெறவு, பைய அவுங்க அறைக் கதவுக்கிட்ட போய் காது குடுத்து நிண்ணேன். மூச்சு சத்தம் சீராத்தான் கேட்டுது. திரும்பி ஒரு அடி வச்சேன்.

"உறங்கியாச்சு அத்தே, போய்ப் படுங்கோ"ண்ணு உள்ள இருந்து அவனுக்க சத்தம்.

அய்யா துணை.
அத்தை சொர்ணம்மாள்